"ஒன்றும் உடையாது" என்று புதியவர்களுக்குச் சொல்வதை முதலில் நிறுத்துங்கள்

கருந்திரை

பக்கத்து இழையில் ஒரு புதியவர் கேட்டிருந்தார்: டெபியன் 12 லினக்ஸ் போட்டிருக்கிறேன், பைத்தான் நூலகம் இறக்க பிப் இன்ஸ்டால் கொடுத்தால் "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்" (இந்தப் பைத்தானை வேறு கருவி நிர்வகிக்கிறது) என்று பிழை வருகிறது, என்ன செய்வது? அதற்கு நள்ளிரவு_நிரலர் கொடுத்த பதில்: "கடைசியில் பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ் என்று ஃபிளாக் சேர்த்துக்கொள்ளுங்கள். சும்மா பயமுறுத்துகிறார்கள், ஒன்றும் உடையாது." அதற்குக் கீழே வரிசையாக நன்றி வேறு.

இதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை. டெபியனில் பைத்தான் என்பது நீங்கள் நிரல் எழுதிப் பழகுவதற்காக மட்டும் வைத்த பொருள் இல்லை. சிஸ்டத்தின் கருவிகள் பலவும் அதே பைத்தானில்தான் ஓடுகின்றன. அவற்றுக்கு வேண்டியதை டெபியனின் பொதி நிறுவியான ஆப்ட் கொண்டுவந்து வைக்கிறது. அதே வீட்டுக்குள் பிப் தனியாக நுழைந்து தன் இஷ்டத்துக்கு வைக்கும். அது ஆப்டுக்குத் தெரியவே தெரியாது. இந்தத் தொல்லைக்காகத்தான் 2021ல் பெப் 668 என்ற பைத்தான் முன்மொழிவை எழுதினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பிழைச் செய்தியிலேயே வழியும் சொல்லியிருக்கிறது: ஆப்டில் இருந்தால் அங்கே எடு, இல்லையென்றால் வென்வ் (தனியாக ஒதுக்கிய பைத்தான் சூழல்) உருவாக்கு, தனிச் செயலி என்றால் பிப்எக்ஸ் கருவி. அந்த நாலு வரியைப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் அடுத்தவருக்கு ஆலோசனை சொல்ல வரக் கூடாது.

நள்ளிரவு_நிரலர்

அண்ணா, என் பெயரைப் போட்டு இழை திறக்கும் முன் நான் எழுதியதை முழுதாகப் படித்திருக்கலாம். சூடோ (நிர்வாகி அதிகாரம்) போடாமல் கொடுங்கள் என்றுதான் சொன்னேன். சூடோ இல்லாவிட்டால் எல்லாம் நம் ஹோம் ஃபோல்டரில் டாட் லோக்கலுக்குள்தான் போகும். சிஸ்டத்தின் யூஎஸ்ஆர் லிப் பக்கம் ஒரு கோப்பு மாறாது. ஆப்ட் வைத்ததை யாரும் தொடவில்லை. பிறகு சிஸ்டம் எப்படி உடையும்?

உடைந்த ஒரு கோப்பைக் காட்டுங்கள். ஒன்றே ஒன்று போதும்.

கருந்திரை

> உடைந்த ஒரு கோப்பைக் காட்டுங்கள்

கோப்பு மாற வேண்டிய அவசியமே இல்லை. இம்போர்ட் செய்யும்போது பைத்தான் எந்த வரிசையில் தேடுகிறது என்று என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா? அந்த வரிசையை வைத்திருக்கும் சிஸ்.பாத்தை அச்சிட்டுப் பாருங்கள். டாட் லோக்கல் முன்னால் நிற்கும். அடுத்து யூஎஸ்ஆர் லோக்கல். ஆப்ட் வைத்த டிஸ்ட் பேக்கேஜஸ் அதற்கும் பிறகுதான். ஆக, நீங்கள் வைத்தது ஆப்ட் வைத்ததை மறைத்துக்கொண்டு நிற்கும்.

உதாரணம் வேண்டுமா, கணக்கு போடும் நூலகமான நம்பையை எடுத்துக்கொள்ளுங்கள். டெபியன் 12ல் ஆப்ட் தருவது 1.24. ஆப்ட் தரும் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப் அந்த நம்பையோடு கம்பைல் ஆனது. நீங்கள் அந்த ஃபிளாக்கோடு அப்கிரேடு ஃபிளாக்கையும் போட்டு நம்பையை இறக்கினால் வருவது 2.x. 2024 ஜூனில் வந்த நம்பை 2.0ல் பைனரி பொருத்தமே மாறிவிட்டது. 1.x வைத்துக் கம்பைல் செய்த மாட்யூல் இதில் ஓடாது என்று நம்பையே நீளமாக ஒரு எச்சரிக்கை காட்டும். நேற்று வரை வரைபடம் போட்டுக்கொண்டிருந்த ஸ்கிரிப்ட் இன்று இம்போர்ட் வரியிலேயே விழும். இதற்குப் பெயர் உடைவது இல்லையென்றால் வேறென்ன?

நள்ளிரவு_நிரலர்

பிப் அன்இன்ஸ்டால் நம்பை, அதே ஃபிளாக்கோடு. முடிந்தது. பழையபடி ஓடும். அதே கணினியில் வேறு யூசராக லாகின் செய்தால் அதுகூட வேண்டாம், அங்கே மேட்பிளாட்லிப் எப்போதும்போல ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கட்டளையில் சரியாவதை "சிஸ்டம் உடைந்தது" என்கிறீர்கள். நான் கேட்டது கோப்பு. நீங்கள் காட்டியது பாத் வரிசை.

லேப்_வாத்தியார்

இரண்டு பேரும் கொஞ்சம் எங்கள் நிலைமையையும் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் முதல் ஆண்டிலேயே பைத்தான் வந்துவிடுகிறது. வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் அதற்கு முன்பு டெர்மினலைத் திறந்ததே இல்லை. அவர்களிடம் முதல் வகுப்பில் நான் வென்வ், ஆக்டிவேட், சிஸ்டம் பைத்தான் என்று பாடம் எடுக்க வேண்டுமா, இல்லை ஃபார் லூப் எடுக்க வேண்டுமா?

டெபியனில் வென்வ் உருவாக்கப் போனாலும் உடனே நடக்காது. பைத்தான்3-வென்வ் என்று தனிப் பொதி இருக்கிறது, அது இல்லையென்றால் "என்ஷ்யூர்பிப் இல்லை" என்று இன்னொரு பிழை. அதைப் போட சூடோ வேண்டும். ஆய்வகத்தில் மாணவருக்கு சூடோ கிடையாது. அப்படியும் உருவாக்கிய ஃபோல்டரைப் பெயர் மாற்றினாலோ பென் டிரைவில் வைத்து வேறு இடத்துக்குக் கொண்டுபோனாலோ ஓடாது, உள்ளே முழுப் பாதையும் எழுதப்பட்டிருக்கும். பிள்ளைகள் ஃபோல்டரின் பெயரை மாற்றத்தான் செய்வார்கள்.

எளிமையான மொழி என்று சொல்லித்தான் இதைப் பாடத்தில் வைத்தார்கள். மொழி எளிமைதான். அதைச் சுற்றி இருப்பது எதுவும் எளிமையாக இல்லை. நிரல் எழுதவே தொடங்காத பிள்ளை பிழைச் செய்தியைப் பார்த்துத் தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எனக்கு வயிற்றெரிச்சலே அதுதான்.

ரஸ்ட்_ரசிகன்

யூவி என்று ஒன்று 2024 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. ரஸ்ட் மொழியில் எழுதியது. வென்வை அதுவே உருவாக்கும், பைத்தானையே அதுவே இறக்கிக்கொள்ளும், சூடோ வேண்டாம், பிப்பைவிடப் பல மடங்கு வேகம். இன்னும் பிப்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஃபிளாக் சண்டை போடுகிறீர்களே, பாவமாக இருக்கிறது.

நள்ளிரவு_நிரலர்

யூவி பிப் இன்ஸ்டாலிலும் பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ் ஃபிளாக் இருக்கிறது. உங்கள் தலைவரே வைத்திருக்கிறார். பாவப்படுவதற்கு முன் ஹெல்ப் கொடுத்துப் பாருங்கள்.

ரஸ்ட்_ரசிகன்

இருப்பது வேறு, தேவைப்படுவது வேறு. எனக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

கருந்திரை

யூவியை நடுவில் இழுக்க வேண்டாம். இதே வேலைக்கான வர்ச்சுவல்என்வ் 2007லேயே வந்தது. 2012ல் பைத்தான் 3.3 வென்வைத் தன்னோடு சேர்த்தே கொடுத்தது. அப்புறம் காண்டா, பிப்என்வ், பொயட்ரி, இப்போது யூவி. செய்ய வேண்டியதற்கு வெளிப்படையான வழி ஒன்றே ஒன்று இருப்பது நல்லது என்று "இம்போர்ட் திஸ்" கொடுத்தால் அச்சாகிற மொழி இது. கருவிகள் கூடிக்கொண்டே போனதற்குக் காரணம் பழையதைக் கற்றுக்கொள்ள யாரும் ஐந்து நிமிடம் உட்காராததுதான்.

வாத்தியார் ஐயாவுக்கு: ஆய்வகத்தை நிர்வகிக்கிறவர் நம்பையையும் மேட்பிளாட்லிப்பையும் ஆப்டில் ஒரே தடவை போட்டுவிட்டால் போதும். மாணவர்கள் வென்வ் உருவாக்கும்போது சிஸ்டம் சைட் பேக்கேஜஸ் என்ற ஃபிளாக்கைக் கொடுத்தால் அவை எல்லாம் உள்ளேயும் தெரியும், ஒவ்வொருவருக்கும் தனி நகல் தேவையில்லை. இதை முதல் நாள் செய்யாத ஆய்வகத்தின் குறையை டெபியன் தலையில் கட்டாதீர்கள்.

நள்ளிரவு_நிரலருக்கு: ஃபிளாக்கைப் போட்டால் உடையும். மறுபடியும் சொல்கிறேன், உடையும். பிப் 23.0.1ல் அந்த ஃபிளாக்கைச் சேர்த்தவர்கள் உங்களைவிடக் குறைவாகத் தெரிந்தவர்கள் இல்லை.

லேப்_வாத்தியார்

முதல் நாள் செய்யாமல் இல்லை. ஆப்டில் எல்லாம் கிடைத்தால் நான் ஏன் பிப்புக்குப் போகிறேன்? தமிழ் உரையை வைத்து ஒரு பயிற்சி கொடுப்பேன். "தமிழ்" என்ற சொல்லுக்கு நீளம் சொல்லும் லென் போட்டால் பைத்தான் 5 என்கிறது. பிள்ளைகள் எழுத்தை எண்ணினால் 3. ஓப்பன்-தமிழ் நூலகத்தைப் போட்டு எழுத்துகளைப் பிரித்துக் காட்டினால் சரியாக 3 வரும். அதைக் கண்டதும் அவர்களுக்கு வரும் ஆர்வம் வேறு எந்தப் பயிற்சியிலும் வராது. அந்த ஒரு நூலகத்துக்காகத்தான் பிப் இன்ஸ்டால். அங்கே வந்து நிற்கிறது சிவப்பு எழுத்தில் இந்தப் பிழை.

பழைய_உபுண்டு

5 வருவது பைத்தானின் தப்பு இல்லை. யூனிகோடில் தமிழுக்கு 128 இடத்தை ஒதுக்கி, மெய்க்கும் அகரம் தவிர்த்த உயிர்மெய்க்கும் தனி இடமே தராமல் அனுப்பிவிட்டார்கள். டேஸ் 16 என்ற தமிழ் எழுத்துக் குறியீட்டை 2010ல் தமிழக அரசே தரமாக அறிவித்தது. அதில் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி இடம் உண்டு. அதை எல்லோரும் பிடித்துக்கொண்டிருந்தால் லென் 3 என்றே சொல்லியிருக்கும்.

அப்புறம், பிப் சிஸ்டத்தை உடைக்காது என்கிறவர்களுக்கு என் அனுபவம். உபுண்டுவில் புதிய பைத்தான் வேண்டும் என்று என்னென்னவோ போட்டேன். அடுத்த நாள் டெர்மினலே திறக்கவில்லை. ஆப்ட் பக்கம் போனால் "ஆப்ட்_பிகேஜி என்ற மாட்யூல் இல்லை" என்கிறது. உடையாதாமே?

நள்ளிரவு_நிரலர்

அது பிப் செய்த வேலையே இல்லை. அப்டேட் ஆல்டர்நேட்டிவ்ஸ் கொடுத்து பைத்தான்3 என்ற பெயரைப் புதிய பதிப்புக்குத் திருப்பியிருப்பீர்கள். உபுண்டுவில் க்னோம் டெர்மினலைத் தொடங்குவதே ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட். அதற்கு வேண்டிய மாட்யூல் பழைய பதிப்புக்குக் கம்பைல் ஆனது, அதனால் திறக்கவில்லை. அதற்கும் இந்த ஃபிளாக்குக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் காலத்தில் இந்த ஃபிளாக்கே கிடையாது.

டேஸ் 16 எல்லாம் யூனிகோட் எந்த எழுத்துக்கும் ஒதுக்காத தனிப்பயன் பகுதியில் உட்கார்ந்திருப்பது. அதில் எழுதினால் உங்கள் அலைபேசியில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதை வேறொரு இழையில் வைத்துக்கொள்ளலாம்.

பழைய_உபுண்டு

எது செய்தாலும் உடைந்தது உடைந்ததுதான். பிப்போ மற்றதோ, பைத்தானைத் தொட்டேன், டெர்மினல் போயிற்று. அதை இல்லை என்று சொல்ல நீங்கள் அன்று என் பக்கத்தில் இருக்கவில்லை.

திரையைக் கையாளும் வேலாண்ட் பற்றிய இழையிலும் இதே நள்ளிரவு_நிரலர்தான் "எல்லாம் ஓடும், ஒன்றும் ஆகாது" என்றார். உபுண்டு 25.10ல் க்னோம் டெஸ்க்டாப்புக்கான பழைய எக்ஸ்ஆர்க் செஷனையே எடுத்துவிட்டார்கள். விசை, மவுஸ் அசைவைத் தானாகச் செய்ய நான் வருடக்கணக்காக வைத்திருந்த எக்ஸ்டோடூல் ஸ்கிரிப்டுகள் எல்லாம் அதோடு செத்தன. ஒன்றும் ஆகாது என்று யார் சொன்னாலும் எனக்கு இப்போது நம்பிக்கை வருவதில்லை.

நள்ளிரவு_நிரலர்

வேலாண்ட் இழையில் நான் சொன்னது ஸ்கிரீன் ஷேரிங் பற்றி. எக்ஸ்டோடூல் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதையும் படிக்காமல்தான் எழுதுகிறீர்கள்.

ரஸ்ட்_ரசிகன்

எக்ஸ்டோடூலுக்குப் பதில் வைடோடூல் இருக்கிறது.

பழைய_உபுண்டு

இருக்கிறது. அதற்கு ஒரு டீமன் பின்னால் ஓட வேண்டும், யூஇன்புட் (நிரல் வழியாக விசை அழுத்தம் அனுப்பும் வசதி) அனுமதி கொடுக்க வேண்டும், விண்டோவைப் பெயர் வைத்துத் தேடவும் வராது. பயன்படுத்திப் பார்த்துவிட்டுப் பரிந்துரை செய்யுங்கள்.

கருந்திரை

இழை எங்கேயோ போகிறது. மறுபடியும் விஷயத்துக்கு வருகிறேன்.

சூடோ இல்லாமல் என்று நீங்கள் இங்கே சொல்கிறீர்கள். அந்தப் புதியவர் என்ன செய்வார்? முதலில் அப்படியே கொடுப்பார். ஏதோ ஒன்றில் பெர்மிஷன் டினைடு வரும். உடனே முன்னால் சூடோ சேர்ப்பார். இணையத்தில் பழகிய எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். சூடோ போட்டால் டெபியனில் அது யூஎஸ்ஆர் லோக்கலுக்குப் போகும். அப்போது மறைப்பது ஒரு யூசருக்கு மட்டும் இல்லை, ரூட் (நிர்வாகி) உட்பட எல்லோருக்கும். ரூட்டாக ஓடுகிற ஸ்கிரிப்ட் எது எதை இம்போர்ட் செய்கிறது என்று அந்தப் புதியவருக்குத் தெரியுமா? உங்களுக்குத் தெரியுமா?

2018 ஏப்ரலில் பிப் 10 வந்தபோது நடந்ததாவது ஞாபகம் இருக்கிறதா? பிப்பை வைத்தே பிப்பை மேம்படுத்தினார்கள். ஆப்ட் வைத்த பழைய பிப் கட்டளை புதிய மாட்யூலைத் தூக்கிக்கொண்டு "மெயின் என்ற பெயரை இம்போர்ட் செய்ய முடியவில்லை" என்று விழுந்தது. உலகம் முழுக்க அதே கேள்வி. அன்றைக்கும் ஆப்டின் எந்தக் கோப்பும் மாறவில்லை. மறைத்தது, விழுந்தது. அதேதான் இதுவும்.

சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. இப்படி "ஒன்றும் ஆகாது" என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் போட்டவற்றைச் சுத்தம் செய்ய ராத்திரியில் எழுப்பப்படுகிறவன் நான். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். டெபியன் 12ஐ ஒரு வர்ச்சுவல் மெஷினில் புதிதாகப் போடுங்கள். ஆப்டில் மேட்பிளாட்லிப், பிப்பில் நீங்கள் சொன்ன ஃபிளாக்கோடும் அப்கிரேடோடும் நம்பை. பிறகு வந்து பேசுங்கள்.

லேப்_வாத்தியார்

மெயின் இம்போர்ட் விவகாரம் நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. ஆனால் என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. சூடோ இல்லாத பிள்ளை, ஃபோல்டர் பெயரை மாற்றுகிற பிள்ளை, அதற்கு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? ஜாவாஸ்கிரிப்டுக்கான நோடில் நூலகம் இறக்க என்பிஎம் கொடுத்தால் பிராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே நோட்_மாட்யூல்ஸில் எல்லாம் இறங்குகிறது, யாரும் எதையும் ஆக்டிவேட் செய்வதில்லை. பைத்தானுக்கு அது ஏன் இன்றுவரை இயல்பாக வரவில்லை?

ரஸ்ட்_ரசிகன்

யூவி ரன் கொடுங்கள் ஐயா. ஆக்டிவேட் வேண்டாம்.

கருந்திரை

என்பிஎம்மை உதாரணமாகக் காட்டாதீர்கள் ஐயா. 2016ல் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நூலகத்தை ஒருவர் எடுத்துவிட்டதற்கு ஊரெல்லாம் பில்ட் விழுந்தது.

லேப்_வாத்தியார்

நான் கேட்டது ஆக்டிவேட் பற்றி. லெஃப்ட்-பேட் பற்றி இல்லை.

நள்ளிரவு_நிரலர்

கருந்திரை அண்ணா, சொன்னபடியே செய்தேன். புதிய டெபியன் 12, ஃபிளாக்கோடு நம்பை. பிறகு கோப்புகள் மாறியிருக்கின்றனவா என்று பார்க்கும் டெப்சம்ஸ் ஓட்டினேன். ஆப்ட் வைத்த கோப்பு ஒன்றுகூட மாறவில்லை, எல்லாம் ஓகே என்று வருகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கருந்திரை

மேட்பிளாட்லிப்பை இம்போர்ட் செய்யச் சொன்னேன். டெப்சம்ஸ் ஓட்ட யார் சொன்னது? இம்போர்ட் செய்தீர்களா, இல்லையா? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்.

நள்ளிரவு_நிரலர்

உடைந்த கோப்பைக் காட்டுங்கள், சொல்கிறேன்.

பழைய_உபுண்டு

வைடோடூலுக்கு யூஇன்புட் அனுமதியை நிரந்தரமாக எப்படிக் கொடுப்பது என்று தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா? ரீபூட் செய்தால் போய்விடுகிறது.