சிவப்பு இலை பிளம்ஸ் மரம் பூக்கவே மாட்டேங்குது, அவசர உதவி தேவை

மலர்_தோட்டம்:
வணக்கம். வீட்டு முன்னால் அலங்கார பிளம்ஸ் மரம் வைத்திருக்கிறேன். இலை கருஞ்சிவப்பாக இருக்கும், மரம் முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்துக் கொட்டுமே, அதுதான். காம்பவுண்டு சுவரைத் தாண்டி வளர்ந்துவிட்டது, ஆனால் பூ மட்டும் இல்லை. இப்போது இலையும் ஓரம் காய்ந்து உதிர்கிறது. உரமெல்லாம் போட்டாச்சு. தை மாதம் வீட்டில் விசேஷம். அதற்குள் பூக்க வைக்க வழி சொல்லுங்கள்.

நொய்யல்கரை:
எந்த ஊர்ங்க? தொட்டியா, தரையா? போர் தண்ணியா, குழாய்த் தண்ணியா? "உரமெல்லாம்" என்றால் எதெல்லாம்? படம் இருந்தால் போடுங்க.

பொள்ளாச்சி_தென்னை:
படமே வேண்டாம், இது இரும்புச் சத்துக் குறைபாடு. நம்ம பக்கம் சுக்கான் மண் (சுண்ணாம்புக் கல் கலந்தது), போர் தண்ணியும் உப்பு. மண்ணில் எதைப் போட்டாலும் சுண்ணாம்பு பிடித்து வைத்துக்கொள்ளும். 10 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) 10 கிராம் சிட்ரிக் ஆசிட்டும் கலந்து, சாயங்காலமாக இலையில் தெளியுங்க.

நொய்யல்கரை:
அண்ணா, இரும்புச் சத்து குறைந்தால் கொழுந்து இலைதான் முதலில் வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். ஓரம் காய்வது வேறு. அவங்க இன்னும் ஊரே சொல்லவில்லை.

அவிநாசி_அக்கா:
மல்லிகைக்குச் செய்வது மாதிரிதான் கண்ணு. தண்ணியை நிறுத்தி நல்லா வாட விடு. இலையை உருவிவிட்டு, மார்கழியில் ஒட்டக் கவாத்து பண்ணு. அப்புறம் தொழு உரம் வைத்துத் தண்ணி விட்டால் புதுத் தளிரோடு பூ வந்தே தீரும். எங்க வீட்டு மல்லி இப்படித்தான் வருஷா வருஷம் பூக்குது.

வெள்ளலூர்_வாத்தியார்:
இந்தக் கேள்விக்கு நான் பல தடவை பதில் எழுதியாச்சு, தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. மல்லி புதுத் தளிரில் பூக்கும். பிளம்ஸ் போன வருடக் குச்சியில் பூக்கும். அதன் மொட்டு முந்தின கோடையிலேயே உருவாகிவிடும். மார்கழியில் ஒட்ட வெட்டினால் மொட்டையும் சேர்த்து வெட்டினதாகும். பூத்து முடிந்த பிறகுதான் கவாத்து. கேட்பவர் 'பிஸ்ஸார்டி' என்ற வகையைச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். பாரசீக ஷாவிடம் தோட்டக்காரராக இருந்த பிரெஞ்சுக்காரர் பிஸ்ஸார் 1880 வாக்கில் பிரான்சுக்கு அனுப்பிய மரம். குளிர் நாட்டுச் சரக்கு. அடிப்படை தெரிந்துகொண்டு வாங்கியிருக்கலாம்.

மலர்_தோட்டம்:
சரவணம்பட்டி. தரையில்தான். போர் தண்ணி. படம் மொபைலில் ஏற மாட்டேங்குது. தை மாதத்துக்குள் முடியுமா என்று மட்டும் சொல்லுங்க.

கோத்தகிரி_மேகம்:
சரவணம்பட்டி என்றால் கஷ்டம்தாங்க. எங்க ஊரில் பிளம்ஸ் குளிருக்கு மொட்டையாக நிற்கும், மாசி வாக்கில் இலைக்கு முன்னால் பூ வரும், வைகாசியில் பழம். குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே நூற்றுக்கணக்கான மணி நேரம் கிடைத்தால்தான் மொட்டு தூக்கம் கலையும். குன்னூர் 1,800 மீட்டருக்கு மேலே இருக்கு, கோயமுத்தூர் 400 சொச்சம். அங்கே தை மாத இரவே 18 டிகிரி வாக்கில்தான். மரம் வளரும், பூக்காது. உரத்தால் இதை மாற்ற முடியாது.

சிங்காநல்லூர்_பெருசு:
18 டிகிரியெல்லாம் இப்பத்த கதை தம்பி. நான் மில்லுக்கு சைக்கிளில் போன காலத்தில் மார்கழி விடியக்காலை ஸ்வெட்டர் இல்லாமல் வாசப்படி தாண்ட முடியாது. அப்போது வைத்திருந்தால் பூத்திருக்கும்.

வெள்ளலூர்_வாத்தியார்:
ஐயா, அப்போதும் 7 டிகிரிக்கு இறங்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசினால் இருப்பதைவிடக் குளிராகத் தெரியும். உடம்புக்குத் தெரிவது வேறு, தெர்மாமீட்டர் காட்டுவது வேறு.

சிங்காநல்லூர்_பெருசு:
நீங்க தெர்மாமீட்டரைப் பாருங்க வாத்தியாரே. நாங்க பல்லு கிட்டித்து நின்னவங்க.

பொள்ளாச்சி_தென்னை:
எதற்கு இந்த வெளிநாட்டு மரம்? அழகாக ஒரு வசந்தராணி வைத்தால் போதுமே, அதே இளஞ்சிவப்பு.

நொய்யல்கரை:
வசந்தராணி மட்டும் என்ன உள்ளூரா? அதுவும் நடு அமெரிக்காவில் இருந்து வந்ததுதான். நம்ம மரம் வேண்டுமென்றால் பூமருது, மந்தாரை, சரக்கொன்றை என்று சொல்லுங்க.

பொள்ளாச்சி_தென்னை:
அப்படிப் பார்த்தால் தக்காளியும் மிளகாயும்கூட வெளிநாடுதான், சாம்பாரை நிறுத்திவிடலாமா?

துளிர்:
எல்லோரும் கொஞ்சம் நில்லுங்க. மலர் அக்கா, அது பிளம்ஸ்தான் என்று யார் சொன்னது? இலை ஓரம் ரம்பப்பல் மாதிரி இருக்கிறதா, வழவழப்பா? குச்சியில் ஒவ்வொரு இலையாக மாறி மாறி இருக்கிறதா, ஒரே கணுவில் மூன்று மூன்றாக நீளக் காம்போடு நிற்கிறதா? ஒரு இலையைக் கிள்ளிப் பாருங்க, பால் வடிகிறதா? பிளம்ஸில் பால் வராது. பட்டையில் காயம் பட்டால் பிசின்தான் கட்டும். யூபோர்பியா கொட்டினிபோலியா என்று கருஞ்சிவப்பு இலைச் செடி ஒன்று உண்டு. மெக்சிகோ பக்கத்துச் செடி, நம்ம வெயிலில் மளமளவென்று வளரும். கிள்ளும்போது கையில் உறை போட்டுக்கோங்க, அந்தப் பால் தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் ஆபத்து.

அவிநாசி_அக்கா:
அட, எங்க தெரு முக்கில்கூட அப்படி ஒண்ணு நிக்குது. அதை நான் குரோட்டன்ஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மலர்_தோட்டம்:
பால் வருதுங்க. மூணு மூணு இலைதான், ஓரம் வழவழப்பு. நர்சரியில் பிளம்ஸ் என்று பூப்படம் காட்டித்தான் கொடுத்தார்கள்.

வெள்ளலூர்_வாத்தியார்:
படம் போடச் சொன்னது இதற்குத்தான்.

நொய்யல்கரை:
படம் கேட்டது நான்.

துளிர்:
அக்கா, அதுவும் பூக்கும், ஆனால் வெளிர் மஞ்சளாகப் பொடிப் பூ, கண்ணுக்கே தெரியாது. இலைதான் அதன் அழகு. இலை உதிர்வது தண்ணி கூடியதாலும் இருக்கலாம், காய்ந்ததாலும் இருக்கலாம். அடி மண்ணை விரல்விட்டுப் பாருங்க, மேலே ஓரங்குலம் காய்ந்த பிறகு மட்டும் தண்ணி விடுங்க. உரத்தை நிறுத்துங்க. குழந்தைகள் விளையாடும் இடமென்றால் எடுத்துவிடுவதே நல்லது. தை விசேஷத்துக்குப் பூ வேண்டுமென்றால், பூத்து நிற்கிற காகிதப்பூத் தொட்டி நாலு வாங்கி வாசலில் வையுங்க. வெயில் படணும், தண்ணி குறைவாக ஊற்றணும்.

மலர்_தோட்டம்:
சரிங்க, நன்றி. வீட்டில் சின்னக் குழந்தை இருக்கு, எடுத்துவிடுகிறோம்.

கோத்தகிரி_மேகம்:
வெட்டும்போது கண்ணாடி போடச் சொல்லுங்க. வெட்டின குச்சியை எரிக்க வேண்டாம், புகையும் கண்ணை எரிக்கும்.

பொள்ளாச்சி_தென்னை:
அன்னபேதி வாங்கிவிட்டீர்களா? வாங்கியிருந்தால் எலுமிச்சைக்குத் தெளிக்கலாம்.

சிங்காநல்லூர்_பெருசு:
வாத்தியாரே, பழைய பேப்பர் ஒண்ணு எடுத்து வைத்திருக்கிறேன், அன்றைய குளிர் டிகிரியோடு போட்டிருக்கான். பேரன் வந்ததும் படம் பிடித்துப் போடச் சொல்கிறேன்.