கணினியில் ஓடும் எஞ்சினுக்கு எண்ணெய் மாற்ற வேண்டுமா?

லயத்துப் பையன்:
வணக்கம். மலேசியாவின் சிலிம் ரிவர் வட்டாரத் தோட்டப் பள்ளிகளில் படித்த அண்ணன்மாரும் அக்காமாரும் பலர் எஞ்சின் தொழிலில் இருப்பதால் இங்கே கேட்கிறேன். 110 சிசி கப்சாய் (சிறிய மோட்டார் சைக்கிள்) எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுவரும் உள்ளிழு குழாயை நீட்டினாலும் குறைத்தாலும் முறுக்குவிசை எப்படி மாறும் என்பதைக் கணினி சிமுலேஷனில் கணிப்பதுதான் பாலிடெக்னிக்கில் என் இறுதியாண்டுத் திட்டம். சென்ற வாரம் சாப்பாட்டுக் கடையில் இதைச் சொன்னேன். பக்கத்து மேசையில் இருந்த பெரியவர், “கணினியில் ஓடும் எஞ்சினுக்கு எண்ணெய் மாற்ற வேண்டுமா, தம்பி?” என்று கேட்க, கடையே சிரித்தது. எஞ்சினை ஓட்டி அளக்கும் சோதனை மேடையில் ஏற்றாமல் செய்வது எஞ்சின் வேலை ஆகாதா?

பட்டறை அண்ணன்:
சிரித்தவர்களில் நானும் ஒருவன், தம்பி. மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நான் சிரித்ததற்குக் காரணம் உண்டு. சென்ற மாதம் தோட்ட மேற்பார்வையாளர் ஒருவரின் டீசல் பிக்கப் என் பட்டறைக்கு வந்தது. எண்ணெய் அளவு காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை உருவிப் பார்த்தால், எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை அளவுக்கு ஏறி நின்றது. விரலில் தொட்டு முகர்ந்தால் டீசல் வாடை. எண்ணெய் குறைந்து வரும் வண்டிகளைத்தான் முப்பது ஆண்டுகளாகப் பார்த்து வந்திருக்கிறேன், எண்ணெய் கூடி வந்த வண்டியைப் பார்ப்பது எனக்கே புதிது. விசாரித்ததில் தெரிந்தது இதுதான்: புகைக்கரி வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிப்பதற்காக எஞ்சின் கொஞ்சம் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சுகிறது, அதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் பட்டுக் கீழே வழிகிறது. நம் நாட்டு டீசலில் 2019இல் 10 விழுக்காடு செம்பனை எண்ணெய்ச் சரக்கு (பயோடீசல்) கலக்கத் தொடங்கினார்கள், அது எளிதில் ஆவியாகாமல் எஞ்சின் எண்ணெயிலேயே தங்கிவிடுகிறது. மேற்பார்வையாளரோ வீட்டிலிருந்து செம்பனைக் காட்டுக்கு மூன்று கிலோமீட்டர் ஓட்டி அணைத்துவிடுவார். கரி எரிந்து முடிய நேரமே கிடைப்பதில்லை. அந்த எஞ்சினும் கணினியில் வடிவமைக்கப்பட்டதுதானே? கணினி இதை ஏன் சொல்லவில்லை?

அலைநீளம்:
அண்ணன், நான் ஷா ஆலாமில் இந்தக் கணக்கைத்தான் தினமும் செய்கிறேன். தாமதமாகப் பீய்ச்சிய டீசலில் எவ்வளவு சுவரில் படும், அதில் எவ்வளவு ஆவியாகும் என்பதை முப்பரிமாணக் கணக்கில் போட்டுப் பார்க்க முடியும். ஆனால் மூன்று கிலோமீட்டர் ஓட்டி அணைக்கும் மேற்பார்வையாளரை அந்தக் கணக்குக்குள் யாராவது வைத்திருக்க வேண்டும். வைக்காதது மனிதரின் பிழை. அதே மேற்பார்வையாளரைச் சோதனை மேடையும் கண்டதில்லை. அங்கே எஞ்சின் மணிக்கணக்கில் சூடாகத்தான் ஓடும்.

தம்பியின் குழாய்க்கு வருகிறேன். வால்வு திறந்ததும் குழாயில் ஓர் அழுத்தக் குறைவு அலை கிளம்பி, திறந்த வாய் வரை சென்று, அழுத்த அலையாகத் திரும்பி வரும். இந்த அலை ஒலியின் வேகத்தில், நொடிக்கு 350 மீட்டர் செல்வதாகக் கொண்டால், 35 சென்டிமீட்டர் குழாயில் போய்வர 2 மில்லி நொடி ஆகும். நிமிடத்துக்கு 6000 சுற்றில் அதற்குள் கிராங்க் தண்டு 72 பாகை திரும்பிவிடும். 3000 சுற்றில் 36 பாகைதான். ஆகவே ஒரு வேகத்தில் வால்வு மூடும் தறுவாயில் வந்து காற்றை உள்ளே தள்ளும் அலை, இன்னொரு வேகத்தில் நேரம் தவறி வந்து கெடுக்கும். லோட்டஸுடன் சேர்ந்து உருவாக்கப்பட்டு 2004இல் புரோட்டான் ஜென்-2 காரில் வந்த கேம்புரோ எஞ்சினில், குறைந்த வேகத்தில் முறுக்குவிசை பள்ளம் விழுவதைப் பற்றி நம் ஊர்க் கார்க்காரர்கள் பேசாத நாள் இல்லை. அந்த எஞ்சினின் பின்னர் வந்த சிபிஎஸ் வகையில் குழாய் நீளத்தையே மாற்றிக்கொள்ளும் அமைப்பு சேர்க்கப்பட்டது. பள்ளம் எங்கே விழும் என்பதைக் கணக்கு காட்டும். அந்தப் பள்ளத்துடன் விற்பதா என்பதை முடிவு செய்வது கணக்கின் வேலை இல்லை.

மேடைக்காரன்:
நான் எஞ்சின் சோதனை மேடையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். தங்கையின் அலைக் கணக்கில் எனக்குக் குறை இல்லை, எரிதலில்தான் இருக்கிறது. இத்தகைய மென்பொருள்களில் எரிபொருள் எவ்வளவு விரைவாக எரிகிறது என்பதைப் பெரும்பாலும் வீபே வளைவு என்ற ‘எஸ்’ வடிவச் சூத்திரத்தால் கொடுப்பார்கள். அதன் எண்கள் எங்கிருந்து வருகின்றன? ஓடும் எஞ்சினின் சிலிண்டருக்குள் அளந்த அழுத்தத்திலிருந்து. சுவருக்குப் போகும் வெப்பத்துக்கு வோஷ்னி என்ற ஆய்வாளர் 1967இல் தந்த சூத்திரத்தையும் அளவீட்டுக்கு ஏற்பப் பெருக்கியும் குறைத்தும் வைப்பார்கள். அளந்ததற்குப் பொருந்தும்வரை திருகிவிட்டு, “பார், பொருந்துகிறது” என்பது விடைத்தாளைப் பார்த்து எழுதிய தேர்வு.

இன்னொன்றும் சொல்கிறேன். டர்போ பொருத்திய சிறிய பெட்ரோல் எஞ்சின்கள் வந்தபோது, குறைந்த வேகத்தில் அதிகச் சுமை கொடுத்தால், ஸ்பார்க் பிளக் பொறி விடுவதற்கு முன்பே கலவை தீப்பற்றிப் பிஸ்டனை உடைத்தது. எந்தக் கணினியும் முன்கூட்டி எச்சரிக்கவில்லை. மேடையில் ஏற்றி, எண்ணெய் வகைகளை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்துத்தான், சிலிண்டருக்குள் புகும் எண்ணெய்த் துளிகளுக்கும் எண்ணெயில் சேர்க்கும் கால்சியச் சரக்குக்கும் இதில் பங்கு உண்டென்று தெரிந்தது. 2018இல் வந்த, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏபிஐ) எஸ்என் பிளஸ் எண்ணெய்த் தரம் அதற்குப் பிறந்ததே. அந்தக் கடைப் பெரியவர் எண்ணெயைப் பற்றிக் கேட்டது வேடிக்கைக்காக இருக்கலாம். கேள்வி என்னவோ சரியான கேள்வி.

அலைநீளம்:
ஐயா சொன்ன எண்ணெய்த் துளிக்கு என்னிடம் மறுப்பு இல்லை. கணினி மாதிரிக்குள் எண்ணெய்த் துளியை வைக்காவிட்டால், எத்தனை இரவு ஓடினாலும் அது எண்ணெய்த் துளியைக் கண்டுபிடிக்காது. ஆனால் விடைத்தாள் குற்றச்சாட்டைப் பாதிதான் ஏற்பேன். இப்போதுள்ள குழாயை வைத்து எண்களைத் திருத்திக்கொள்வது தவறில்லை. அதன்பின் எதையும் தொடாமல், நீளம் மாறிய குழாய்க்குக் கணித்தால் அது காப்பியடித்தது ஆகாது. எரிதல் வளைவை எப்படித் திருகினாலும் அலை திரும்பி வரும் நேரம் மாறாது, ஐயா.

மேடையால் எளிதில் காட்ட முடியாததையும் நினைத்துப் பாருங்கள். முந்தைய சுற்றில் வெளியேறாமல் சிலிண்டரில் தங்கிய சூடான புகை எவ்வளவு என்பதை ஓடும் எஞ்சினில் அளப்பது பெரும்பாடு. மஸ்டா 14க்கு 1 என்ற உயர்ந்த அமுக்க விகிதத்தில் பெட்ரோல் எஞ்சின் கொண்டுவந்தபோது, கலவை சூட்டில் தானே வெடித்து எழும் தட்டலைத் தவிர்க்கக் கையாண்ட வழிகளில் ஒன்று, நான்கு குழாய் இரண்டாகி, பின் ஒன்றாகும் நீண்ட 4-2-1 புகைக்குழாய்: பக்கத்துச் சிலிண்டரின் புகை அலை திரும்பி வந்து இந்தச் சிலிண்டருக்குள் சூட்டைத் தள்ளாதபடி தூரம் வைத்தார்கள். இதுவும் தம்பியின் குழாய்க் கணக்குதான், வால்வின் மறுபக்கத்தில்.

பட்டறை அண்ணன்:
தங்கச்சி, மேற்பார்வையாளரை மேடையும் கண்டதில்லை என்றது எனக்கு உறைத்தது. சரி, பேசிக்கொண்டே போவானேன்? என் பட்டறைப் பின்புறம் ஒரு பழைய கப்சாய் சும்மா நிற்கிறது. இரண்டு நீளத்தில் குழாய் வெட்டித் தருகிறேன். முறுக்குவிசை அளக்கும் பாலிடெக்னிக் டைனோவில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை: அளப்பதற்கு முன்பே, எந்தக் குழாய்க்கு எந்தச் சுற்றில் முறுக்குவிசை ஏறும், எந்தச் சுற்றில் இறங்கும் என்பதைத் தம்பி இந்தப் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். எழுதிய பிறகு திருத்தக் கூடாது.

மேடைக்காரன்:
காற்றுச் சூட்டையும் குறித்து வையுங்கள். மதிய வெயிலில் ஓட்டிவிட்டுக் காலைக் கணக்கோடு ஒப்பிட்டால் நான் ஒப்ப மாட்டேன்.

லயத்துப் பையன்:
சம்மதம், அண்ணன். இப்போதுள்ள குழாயின் நீளத்தை வால்விலிருந்து வாய் வரை கம்பி விட்டு அளந்துகொள்ள நாளை மாலை வருகிறேன். அந்தப் பெரியவரையும் அழைத்து வரட்டுமா?

பட்டறை அண்ணன்:
அழைத்து வா. அந்த வண்டிக்கு எண்ணெய் மாற்ற வேண்டியிருக்கிறது.