மறு: இன்டர்கலேஷனுக்கு ‘இடைச்செருகல்’ சரிவருமா?

வணக்கம். அடுக்கடுக்கான பொருளொன்றின் இடுக்குகளில் வேறு அணுக்கள் நுழைந்து தங்குவதை ஆங்கிலத்தில் இன்டர்கலேஷன் என்கிறார்கள். அதற்குத் தமிழில் எந்தச் சொல் என்பதுதான் நம் பேச்சு.

> ‘இடைச்செருகல்’ என்று நல்ல சொல் ஏற்கெனவே இருக்கும்போது புதிதாக எதற்கு?

இருக்கிறது, அதுதான் சிக்கலே. பழைய நூலொன்றில் பிற்காலத்தார் யாரோ தம் பாட்டைச் சேர்த்துவைத்தால் அதை இடைச்செருகல் என்கிறோம். சொல்லிலேயே ஒரு கள்ளத்தனம் ஒட்டியிருக்கிறது. அப்புறம், செருகியது அங்கேயே தங்கிவிடும். பதிப்பாசிரியர் பாடுபட்டுத்தான் பிரித்தெடுக்க வேண்டும்.

லித்தியம் அயனி மின்கலத்தில் நடப்பது வேறு. கிராஃபைட்டில் கார்பன் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. தாளுக்குள் பிணைப்பு மிக வலுவானது. தாளுக்கும் தாளுக்கும் இடையே பிடிப்பு தளர்வு. மின்னேற்றும்போது அந்த இடுக்குகளில் லித்தியம் நுழைகிறது. இடைவெளி 0.335 நானோமீட்டரிலிருந்து ஏறத்தாழ 0.37 ஆகிறது, தாள் கிழிவதில்லை. ஆறு கார்பனுக்கு ஒரு லித்தியம் என்ற கணக்கு வந்ததும் இடம் தீர்ந்தது. கறுப்பாக இருந்த கிராஃபைட் அப்போது பொன்னிறமாகியிருக்கும். வழியில் நீலமும் சிவப்பும் வந்து போகும். (இதன் படத்தை முதலில் பார்த்தபோது யாரோ வண்ணம் பூசியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.) மின்னிறக்கும்போது லித்தியம் வெளியேறத் தாள்கள் பழையபடி நெருங்கிவிடுகின்றன. நல்ல மின்கலத்தில் இது ஆயிரம் தடவைக்கு மேலும் நடக்கும்.

> ‘உறிஞ்சல்’ போதாதா?

பஞ்சு நீரை உறிஞ்சுவதற்கும் அதே சொல்தானே? அடுக்குக்கு இடையில் என்ற செய்தி தொலைந்துவிடும். அந்தச் செய்திதான் இதில் உயிர். லித்தியம் மின்கல ஆய்வாளர் விட்டிங்காம் 1970களில் மின்முனைக்கு எடுத்துக்கொண்ட டைட்டானியம் டைசல்ஃபைடும், அதே துறையின் குட்இனஃப் குழு 1980இல் காட்டிய லித்தியம் கோபால்ட் ஆக்சைடும் அடுக்குப் பொருள்களே. 2019 வேதியியல் நோபல் பரிசு இன்னொரு மின்கல ஆய்வாளரான யோஷினோவோடு இவ்விருவருக்கும் கிடைத்ததற்கு அந்த இடுக்குகள்தாம் காரணம் என்றுகூடச் சொல்லலாம்.

என் பரிந்துரை: இடைப்புகல்.

செருகு என்றால், கண் செருகுவதைத் தவிர்த்தால், செருகுவதற்கு ஓர் ஆள் வேண்டும். புகு அப்படியல்ல. புகு, புகுத்து என்று தன்வினையும் பிறவினையும் இணையாகக் கிடைக்கின்றன, இரண்டுமே நமக்குத் தேவை. மின்னேற்றி லித்தியத்தைக் கிராஃபைட்டில் இடைப்புகுத்துகிறது. மின்கலத்தைப் பயன்படுத்தும்போது லித்தியம் தானே கிளம்பிப் போய் மறுமுனையிலுள்ள கோபால்ட் ஆக்சைடில் இடைப்புகுகிறது. சேர்மத்தைச் சொல்ல ‘இடைப்புகு சேர்மம்’ என்று வினைத்தொகையாக்கினால் முடிந்தது.

> ‘புகல்’ என்றால் அடைக்கலம் அல்லவா? குழப்பாதா?

அந்த நிழல் இருந்தால் இருக்கட்டும், எனக்குப் பிடித்தே இருக்கிறது. கடுங்குளிரில் அவசரமாக மின்னேற்றினால் இடுக்குக்குள் போக முடியாத லித்தியம் கிராஃபைட்டின் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அது ஊசிபோல் வளர்ந்து மறுமுனையைத் தொட்டால் குறுக்குச்சுற்று. புகல் கிடைக்காததன் விளைவு என்று வகுப்பில் சொல்லிப் பாருங்கள், மறக்காது.

எல்லா மின்முனைக்கும் இச்சொல்லைப் பொதுவாக்கிவிடக் கூடாது. லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட்டில் அடுக்குகள் இல்லை, சுரங்கம் போன்ற வழிகள்தாம்; அதற்கு ‘உட்புகல்’ போதும். சிலிக்கானிலோ லித்தியம் இடம் தேடிப் போவதில்லை, சிலிக்கானோடு கலந்து உலோகக்கலவை போல ஆகிவிடுகிறது. பருமன் ஏறத்தாழ நான்கு மடங்காகித் துகளே விரிசல் விடும். அதைப் புகல் என்று எழுதினால் தவறு.

லித்தியம் இடுக்கிலிருந்து வெளியேறுவதற்கு மட்டும் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘இடைநீங்கல்’ என்று எழுதிப் பார்த்தேன். யாரையோ வேலையிலிருந்து இடைநீக்கம் செய்ததுபோல் ஒலிக்கிறது. உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?