மாசமா இருக்கும்போது பக்கத்துல சின்னம்மை: உங்களுக்கு என்ன நடந்துச்சு?

தேனிக்காரி:
நடந்து மூணு வருஷம் ஆச்சு. மக நல்லா இருக்கா. ஆனா அந்த ஒரு போன் கால் மட்டும் மனசைவிட்டுப் போக மாட்டேங்குது, அதான் எழுதறேன்.

எனக்கு 16 வாரம். சித்திரை லீவுக்கு நாத்தனார் மகன் வந்திருந்தான், ஆறு வயசு. ரெண்டு நாளும் என் மடிதான் அவனுக்குத் தலகாணி. மூணாம் நாள் குளிப்பாட்டச் சட்டையைக் கழட்டுனா முதுகுல மூணு முத்து, வயித்துல ஒண்ணு. எங்க அத்தை அவனைத் துண்டுல சுத்தி அப்படியே தூக்கிட்டு உள் ரூமுக்குப் போயிட்டாங்க. கால் மணி நேரத்துல வாசல்ல வேப்பிலை தொங்குச்சு, அடுப்படியில தாளிப்பு நின்னுச்சு. எல்லாரும் அவனைச் சுத்தி. நான் சொம்போட கிணத்தடியிலயே நின்னேன்.

அன்னைக்கே டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணினேன். அவங்க முதல்ல கேட்டது, "உங்களுக்குச் சின்ன வயசுல அம்மை போட்டிருக்கா?" எங்கம்மாவுக்குப் போன் போட்டேன். "போட்டுச்சேடி... இல்ல, அது உன் தம்பிக்கு... ரெண்டு பேருக்கும் சேர்ந்து போட்டுச்சோ?" அதுக்கப்புறம் அம்மா பேசல. அவங்க வீட்டுக் கடிகாரச் சத்தம் போன்ல கேட்டுச்சு. எந்தப் பிள்ளைக்கு எந்த மாசம் பல்லு முளைச்சதுன்னு சொல்ற எங்கம்மாவுக்கு இது ஞாபகம் இல்ல. அப்புறம் அழுதாங்க.

உடம்புல அம்மைக்கு எதிர்ப்பு இருக்கான்னு பார்க்க, ரத்தத்துல ஐஜிஜி டெஸ்ட் எடுத்தாங்க. ரெண்டு நாள் கழிச்சு பாசிட்டிவ்னு வந்துச்சு, எனக்கு எப்பவோ வந்து போயிருக்கு. உடம்புல ஒரு தழும்புகூட இல்ல.

நொய்யல்_அம்மா:
உங்களுக்காவது முன்னாடியே வந்துட்டுப் போயிருந்துச்சு. எனக்கு 31 வாரத்துல நேராவே போட்டுருச்சுங்க. எங்க வீட்டுக்காரருக்கு முதல்ல, சரியா ரெண்டு வாரம் கழிச்சு எனக்கு.

ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினப்ப, உள்ள வந்துடாதீங்க, மத்த கர்ப்பிணிங்க உக்காந்திருக்காங்கன்னு சொன்னாங்க. காருக்குள்ளயே இருந்தேன், டாக்டர் வெளிய வந்து பார்த்தாரு. மூச்சு வாங்குதா, இருமல் இருக்கான்னுதான் திரும்பத் திரும்பக் கேட்டாரு. அம்மைக் கிருமியை அடக்குற அசைக்ளோவிர் மாத்திரை 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு அஞ்சு வேளை, ஏழு நாள்.

வீட்டுல மாத்திரை கூடாதுன்னுட்டாங்க. ஆத்தா வந்திருக்கறப்ப மருந்து சாப்பிட்டா கோபம் வரும், வயித்துல இருக்கற குழந்தைக்கு ஆகாதுன்னாங்க. பொரி டப்பாவுக்குள்ள மாத்திரையை ஒளிச்சு வெச்சு, பாதி ராத்திரி இருட்டுல தடவி எடுத்துத் தின்னேன். டப்பா மூடி சத்தம் கேக்கக் கூடாதுன்னு ஒரு கையில முந்தானையை வெச்சு அழுத்திக்குவேன். இப்பவும் பொரி டப்பாவைத் திறந்தா அந்தக் கை நடுக்கம் வருது.

மாரியம்மன்_துணை:
யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வீட்டுல நாலு தலைமுறையா அம்மைக்கு மருந்து எடுத்ததில்ல. எங்க பாட்டிக்கு ஏழு மாசத்துல போட்டு, மூணு தண்ணி ஊத்தி, இளநியும் நீராகாரமும் குடிச்சு எந்திரிச்சாங்க. பிறந்தவர்தான் எங்கப்பா. எல்லாத்துக்கும் பயந்து மாத்திரை தின்னா எப்படி?

நொய்யல்_அம்மா:
உங்க பாட்டி எந்திரிச்சாங்க, சந்தோஷம். எந்திரிக்காதவங்க வீட்டுல இருந்து இங்க வந்து எழுத ஆளு இல்லீங்க. எனக்கும் மாரியாத்தா மேல நம்பிக்கை உண்டு, குழந்தை பிறந்ததும் சமயபுரம் போய் மாவிளக்குப் போட்டோம். ஆனா பயந்து மாத்திரை தின்னேன்னு சொல்லாதீங்க. தெரிஞ்சுதான் தின்னேன்.

வார்டு_அக்கா:
இருபது வருஷமா பிரசவ வார்டுல ஸ்டாஃப் நர்ஸ். என் கதை சின்னது. ஒரு பொண்ணுக்குக் காலையில நெஞ்சுல முத்து, அன்னைக்குச் சாயங்காலமே பிரசவம். பெரிய டாக்டர் குழந்தையை உடனே தனியா எடுத்து இம்யூனோகுளோபுலின் ஊசி, அதாவது தயாரா இருக்கற எதிர்ப்புச் சக்தியை உடம்புல ஏத்துற ஊசி, போடச் சொன்னார். அந்த அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு, குழந்தைக்கு நேரா உள்ளங்கையைக் கண்ணாடியில வெச்சா. கையில முத்து இருந்ததால அதையும் உடனே எடுத்துட்டா, கண்ணாடி வழியா ஒட்டிக்கும்னு நினைச்சிருக்கா. "கண்ணாடி தாண்டாதும்மா, கையை வை"ன்னு நான் சொல்லியிருக்கணும். வேலை அவசரத்துல சொல்லாம நகர்ந்துட்டேன்.

இனி சொல்றதை யாரும் கேக்கல, ஆனாலும் சொல்றேன், மேல ரெண்டு பேரு சண்டை போடறதைப் பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியல. அம்மை முத்து வெளிய தெரியறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே அடுத்தவங்களுக்குத் தொத்தும். எல்லா முத்தும் காஞ்சு பொருக்குத் தட்டுற வரைக்கும் தொத்தும். அதனால வேப்பிலை கட்டின பிறகு விலகி இருந்தா போதும்னு நினைக்காதீங்க, அதுக்கு முந்தின ரெண்டு நாள் யார் மடியில யார் படுத்தாங்கன்னுதான் பார்க்கணும். தேனிக்காரி தங்கச்சி அன்னைக்கே போன் பண்ணினது ரொம்பச் சரி. தொத்தினா பத்துல இருந்து இருபத்தொரு நாளுக்குள்ள தெரியும். எதிர்ப்பு இல்லாத கர்ப்பிணிக்கு அந்த இம்யூனோகுளோபுலின் ஊசி போடறதா இருந்தா, அம்மை வந்தவங்க பக்கத்துல இருந்ததுல இருந்து பத்து நாளுக்குள்ள போடணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. முத்து வந்த பிறகு அந்த ஊசியால பிரயோஜனம் இல்ல, மாத்திரைதான், அதையும் முதல் நாளே தொடங்கணும்.

20 வாரத்துக்கு முன்னாடி தாய்க்கு வந்தா குழந்தையைப் பாதிக்கிறது நூத்துக்கு ஒண்ணு ரெண்டுதான். அம்மை வந்ததுக்காகவே கலைச்சிடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. வந்து அஞ்சு வாரம் கழிச்சு நல்லா ஒரு ஸ்கேன் பார்ப்பாங்க. பிரசவத்துக்கு அஞ்சு நாள் முன்னாடியில இருந்து ரெண்டு நாள் பின்னாடி வரைக்கும் தாய்க்கு முத்து வந்தா, அதுதான் பச்சைக்குழந்தைக்கு ஆபத்தான நேரம். தாயோட எதிர்ப்புச் சக்தி குழந்தைக்குப் போய்ச் சேர நேரம் இருக்காது. பெரியவங்களுக்கு வந்தா நுரையீரலைப் பிடிக்கலாம், கர்ப்பிணிக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். மூச்சு வாங்குச்சுன்னா மூணாம் தண்ணிக்குக் காத்திருக்காதீங்க, ராத்திரியானாலும் கிளம்புங்க. தடுப்பூசி கர்ப்பத்துல போடக்கூடாது. அரசாங்க இலவச அட்டவணையில சின்னம்மை ஊசி இல்ல, அதனால நிறையப் பொண்ணுங்க போட்டுக்காமலே கல்யாணம் ஆகி வர்றாங்க. அடுத்த குழந்தைக்கு யோசிக்கறவங்க முன்னாடியே ரெண்டு ஊசி போட்டு, கடைசி ஊசிக்கப்புறம் ஒரு மாசம் தள்ளிப் போடுங்க. வேப்பிலை வையுங்க, கூழ் ஊத்துங்க, அதுக்கும் மாத்திரைக்கும் பகை இல்ல.

வல்லை_வெளி:
நான் லண்டனில இருக்கிறன். எங்கட ஊரில இதைக் கொப்புளிப்பான் எண்டு சொல்லுவினம். 2023இல எனக்கு 14 கிழமை. ஒரு பிறந்தநாளுக்குப் போய், பிள்ளை ஒண்டை மடியில வைச்சுக் கேக் தீத்தினனான். அடுத்த நாள் தாய் அழுதுகொண்டு போன் எடுத்தா.

மிட்வைஃப் கேட்டது, "எத்தினை நிமிசம் ஒரே அறையில இருந்தனீங்கள்?" பதினஞ்சு நிமிசம் எண்டாலே இங்க கணக்கில எடுப்பினம். நான் ரெண்டு மணித்தியாலம் இருந்தனான். ரத்தத்தில எதிர்ப்பு இல்லை எண்டு வந்திட்டுது. மாத்திரை உடன தரேல்லை, சந்திச்ச நாளில இருந்து ஏழாம் நாள் தொடங்கிப் பதினாலாம் நாள் வரைக்கும் எண்டு சொல்லிச்சினம். அந்த இடைநாள்களில ஒவ்வொரு விடியவும் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால நிண்டு முதுகைத் திருப்பித் திருப்பிப் பாப்பன். ஒரு நாள் நுளம்பு கடிச்ச இடத்தைக் கண்டு நிலத்தில இருந்திட்டன். கடைசிவரைக்கும் ஒண்டும் வரேல்லை. அந்தப் பிள்ளைக்குப் பிறகு நான் ஒருக்காலும் கேக் தீத்தேல்லை. பிள்ளையில என்ன பிழை? ஆனாலும் கை போகுதில்லை.

மாரியம்மன்_துணை:
நர்ஸ் அக்கா, நாலு தலைமுறைன்னு எழுதினேன்ல. நேத்து எங்கப்பாகிட்டக் கேட்டேன். அவருக்கு முன்னாடி ஒரு அக்கா பிறந்து தவறிட்டாங்களாம், அப்பவும் வீட்டுல அம்மை இருந்துச்சாம். காரணம் அதுதானான்னு அவருக்குத் தெரியல. இத்தனை வருஷம் யாரும் எங்கிட்டச் சொன்னதில்ல.

பவானிக்கரை:
எங்க மாமனாருக்கு இடுப்புல அக்கி. குயவர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்க் காவி எழுதிட்டு வந்தாங்க. எனக்கு 20 வாரம், அவர் துணியை நான்தான் துவைக்கிறேன். அக்கியும் அம்மையும் ஒரே கிருமின்னு படிச்சேன், அதுல இருந்து தூக்கம் இல்ல.

வார்டு_அக்கா:
ஒரே கிருமிதாம்மா. அக்கி துணிக்குள்ள மூடி இருந்தா தொத்துறது குறைவு, கொப்புளத்துத் தண்ணி கையில படறதுதான் பிரச்சனை. துணியை வேற யாரையாவது துவைக்கச் சொல்லு. உனக்கு அம்மை வந்திருக்கா?

பவானிக்கரை:
எங்கம்மாகிட்டக் கேட்டேங்க. அவங்களுக்கும் ஞாபகம் இல்ல. தேனி அக்கா எழுதின மாதிரியே போன்ல கொஞ்ச நேரம் பேசல. காலையில எட்டு மணிக்கு லேப் திறக்குது, ரத்தம் குடுக்கப் போறேன். ரிசல்ட் வந்ததும் எழுதறேன்.