பதினொரு ஆண்டுகள் கொட்டகையில் கிடந்த டென்ட் டிரெய்லர்: எதிலிருந்து தொடங்குவது?

ஓட்டைக்கூரை:

அண்ணன் வீட்டுக் கொட்டகையில் பதினொரு ஆண்டுகளாகத் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த டென்ட் டிரெய்லர் இப்போது என் வீட்டு வாசலில் நிற்கிறது. கைப்பிடியைச் சுற்றினால் கூரை மேலே எழும்பும். முன்னும் பின்னும் கட்டில்களை இழுத்துவிட்டால் சுற்றிலும் கான்வாஸ் விரியும், அந்த வகை. "சும்மாவே எடுத்துக்கொண்டு போ" என்று அண்ணன் சொன்ன நிமிடமே நான் யோசித்திருக்க வேண்டும். இரவல் கொடுத்த குடையைக்கூட இரண்டு முறை கேட்டு வாங்குகிறவர் அவர்.

நேற்றுத் திறந்து பார்த்தேன். முதலில் வந்தது வாடை. மெத்தைக்குள் எலிக் கூடு. கான்வாஸில் கடுகை இறைத்ததுபோல் கறுப்புப் புள்ளிகள். கூரையின் மூன்று மூலைகள் ஒழுங்காக உயர்கின்றன. நான்காவது மட்டும் ஒரு சாண் பின்தங்கி நிற்கிறது. கதவருகே தரையில் கால் வைத்தால் ஈரச் சாக்கை மிதிப்பதுபோல் அமுங்குகிறது. இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால் பின்விளக்குகள் இரண்டும் மங்கலாகச் சேர்ந்து சிமிட்டுகின்றன.

இன்னும் ஏழு வாரங்களில் பிள்ளைகளுக்கு விடுமுறை. அழைத்துப்போவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். அலமாரிக்குப் பெயின்ட்டும் திரைக்குத் துணியும் வாங்கியாயிற்று. "பழைய இரும்புக்குப் போட்டுவிடு" என்கிறார் கணவர். எனக்கு மனம் வரவில்லை. சுத்தியல், திருப்புளி பிடிக்கத் தெரியும்; வெல்டிங் தெரியாது. எதிலிருந்து தொடங்கலாம்?


பழைய அச்சு:

பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள் அம்மா. அது கடைசி வேலை. சாலையில் ஆளைக் கொல்லக்கூடியது எதுவோ அது முதலில். தண்ணீர் அரிப்பது அடுத்தது. அழகு அதற்கும் பிறகு.

அந்த டயர்களோடா இழுத்து வந்தீர்கள்? பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும், பாருங்கள். 3108 என்றால் அது 2008-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் தேயாமல் புதிதுபோல் தெரியும், ஏமாறாதீர்கள். நின்ற இடத்திலேயே ரப்பர் கிழடாகிறது. ஐந்தாறு ஆண்டுகள் தாண்டிய டயரை நான் டிரெய்லரில் நம்புவதில்லை. உபரிச் சக்கரத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்து பேரிங். சட்டத்துக்கு அடியில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்குங்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லொடலொடக்கிறதா? சுழற்றினால் மணலை அரைப்பதுபோல் சத்தம் வருகிறதா? இரண்டும் இல்லாவிட்டாலும் பிரித்துத்தான் ஆகவேண்டும், ஏனென்றால் உள்ளே கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். மூடியைத் தட்டி எடுத்து, நட்டு கழலாமல் பிடிக்கும் காட்டர் பின்னை உருவி, நட்டைக் கழற்றினால் வெளிப் பேரிங் கைக்குள் வந்து விழும். மண்ணெண்ணெயில் கழுவி நன்றாக உலர்த்திய பிறகு உருளைகளைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தாலோ அம்மைத் தழும்புபோல் பள்ளங்கள் தெரிந்தாலோ அது தூக்கி எறிய வேண்டியது. நன்றாக இருந்தால், உள்ளங்கையில் எலுமிச்சை அளவு கிரீஸ் எடுத்து, பேரிங்கின் அகன்ற வாயை அதில் அழுத்தி அழுத்தி இழுங்கள். மறுபக்கம் உருளைகளின் இடுக்குகளில் புழுப்புழுவாகக் கிரீஸ் எட்டிப்பார்க்க வேண்டும், அதுவரை விடாதீர்கள். சீலும் காட்டர் பின்னும் புதிதாகத்தான் போட வேண்டும். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் முறுக்கி நிறுத்துங்கள். பலத்தைக் காட்டி இறுக்கிவிட்டுக் கிளம்பியவர்களின் எரிந்த பேரிங்குகளை வாழ்நாளெல்லாம் கழற்றியவன் நான்.

விளக்குகள் சேர்ந்து சிமிட்டுவது எர்த் பழுது. திரும்பிப்போக வழியில்லாத மின்சாரம் பக்கத்து பல்பின் இழை வழியாகச் சுற்றிக்கொண்டு போகப் பார்க்கிறது. எர்த் வயர் சட்டத்தோடு சேரும் திருகைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பின்தங்கும் மூலையில் கூரையைத் தூக்கும் கம்பிக் கேபிள் இளகியிருக்கும், அல்லது கப்பி துருவேறிச் சிக்கியிருக்கும். கேபிளில் ஒரே ஓர் இழை பிரிந்திருந்தாலும் மாற்றுங்கள். கைப்பிடியால் கேபிளைச் சுற்றும் வின்ச்சின் பிரேக் தட்டுகளில் மட்டும் எண்ணெய் பட்டுவிடக் கூடாது. பட்டால் பிடிமானம் போய், கைப்பிடி சுழன்று மணிக்கட்டை முறிக்கும். கூரைக்கு அடியில் வேலை செய்யும்போது நான்கு மூலைகளிலும் மரச்சட்டத்தை அளவாக அறுத்து முட்டுக் கொடுங்கள். முட்டு இல்லாமல் தலையை உள்ளே நீட்டக் கூடாது.


ஒருமுறை பட்டவன்:

உங்கள் கணவர் சொல்வதே சரி என்பேன். நானும் இப்படித்தான் கதவருகே ஒரு முழம் பலகையை மாற்றலாம் என்று இறங்கினேன். தரையைப் பெயர்த்தால் பக்கச்சுவரின் அடிச்சட்டம் மண்ணாக உதிர்ந்தது. அதைத் தொட்டால் கூரைக் கம்பம் பதிந்திருந்த மூலையும் சொதசொதத்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. இரண்டு கோடைகள் போயின. ஓர் இரவுகூட அதில் படுக்கவில்லை. ஒரு டென்ட் வாங்கித் தரையில் விரித்துப் படுங்கள்.


பழைய அச்சு:

பட்டவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அதனால்தான் முதலில் திருப்புளியை எடுத்துக்கொண்டு தரை முழுவதும் ஒரு சாணுக்கு ஒரு குத்துக் குத்திப் பார்க்கச் சொல்வேன். நல்ல பலகை எதிர்த்து நிற்கும், இற்றது விழுங்கிக்கொள்ளும். விழுங்கிய இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போடுங்கள். வட்டங்கள் கதவைச் சுற்றி மட்டும் இருந்தால் செய்யலாம். நான்கு மூலைகளுக்கும் பரவியிருந்தால் அண்ணனுக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் பலகையை மாற்றாதீர்கள். கூரையின் ஓரப் பட்டையைக் கழற்றி, பழைய சீலன்ட்டைச் சுரண்டி, பியூட்டைல் டேப் (பிசின்போல் ஒட்டும் ரப்பர் பட்டை) வைத்துத் திரும்ப முறுக்குங்கள். சிலிக்கானை மேலே பூசிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. அதன்மேல் பிறகு எதுவும் ஒட்டாது.


ஊசிநூல்:

கான்வாஸைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. முதலில் துணியைப் பாருங்கள், பருத்தியா, பிளாஸ்டிக் பூசியதா? பருத்தி என்றால் பிழைக்கும். வெயிலில் முழுக்க விரித்து, காய்ந்த பிரஷ்ஷால் பூஞ்சையை வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். பிறகு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து நனைத்து, மெல்லத் தேய்த்து, அலசிக் காயவிடுங்கள். வாடை போய்விடும், புள்ளி போகாது. புள்ளியையும் போக்குகிறேன் என்று பிளீச்சைக் கொட்டிவிடாதீர்கள், நூல் இற்றுப்போகும்.

இத்தகைய கூடாரங்களில் துணிக்கு முன்னால் நூல்தான் சாகும். தையல் ஓரங்களை இரு கைகளாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். படபடவென்று விட்டுக்கொடுக்கும் இடத்தையெல்லாம் பழைய ஊசித் துளைகளிலேயே மறுபடி தைக்க வேண்டும்; புதுத் துளை போட்டால் அது புது ஒழுகல். தைத்து முடித்ததும் நன்றாக நனைத்து, முழுக்கக் காயவிட்டு, மறுபடி நனையுங்கள். பருத்தி இழை ஊறிப் பருத்துத் துளையைத் தானே அடைத்துக்கொள்ளும். அதன் பிறகுதான் நீர்புகாப் பூச்சு. ஈரத்தோடு மடிக்க நேர்ந்தால், வீட்டுக்கு வந்த அன்றோ மறுநாளோ விரித்துவிடுங்கள்.


ஓட்டைக்கூரை:

எட்டு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். போய்விட்டு வந்துவிட்டோம், மூன்று இரவுகள்.

பழைய அச்சு ஐயா, டயரில் இருந்தது 2207. படித்ததும் உள்ளங்கை வேர்த்துவிட்டது. இடச் சக்கரத்தின் உள் பேரிங்கில் நீங்கள் சொன்ன அம்மைத் தழும்பு அப்படியே இருந்தது. புதிதாக மாற்றினேன். எர்த் திருகு தொட்டதும் பொடியாக உதிர்ந்தது, வேறு போட்டேன். திருப்புளி பதினேழு இடங்களில் விழுந்தது, எல்லாம் கதவைச் சுற்றி. பட்டவன் அவர்களே, உங்களை நினைத்துக்கொண்டேதான் பலகையைப் பெயர்த்தேன். அடிச்சட்டம் கெட்டியாக இருந்தது. கதவுக்கு மேலே ஓரப் பட்டையில் ஒரு திருகு இல்லை, வெறும் துளை. பதினொரு ஆண்டுத் தண்ணீரும் அந்த ஒரு துளை வழியாகத்தான் இறங்கியிருக்கிறது.

பின்தங்கிய மூலையில் கப்பிக்குள் எலி சேர்த்த பஞ்சு. கேபிள் நன்றாகவே இருந்தது. கேஸ் அடுப்பின் ரப்பர் குழாய் வளைத்ததும் வெடித்ததால் குழாயும் ரெகுலேட்டரும் புதிது. ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை பூசிப் பார்த்தேன். ஓரிடத்தில் குமிழி எழுந்தது, இறுக்கியதும் நின்றது. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் மாட்டினேன்.

முகாமில் முதல் நாள் என் அவசரத்தால் கேலிக்கு ஆளானேன். வந்த வேகத்தில் வண்டியிலிருந்து டிரெய்லரைக் கழற்றி, முன்பக்க ஜாக்கியையும் சுற்றிவிட்டு, ரசமட்டத்தை வைத்தால் குமிழி வலப்பக்கம் ஓடுகிறது. இடவல மட்டத்தைக் கழற்றுவதற்கு முன்பே சக்கரத்துக்கு அடியில் பலகை போட்டுச் சரிசெய்ய வேண்டுமாம். மறுபடி மாட்டி, பலகைமேல் ஏற்றி, முட்டுக்கட்டை வைத்து, பிறகு கழற்றினோம். மூலைக் கால்களால் வண்டியைத் தூக்கக் கூடாது, அவை ஆடாமல் பிடிப்பதற்கு மட்டுமே என்று பக்கத்துக் கூடாரத்துப் பெரியவர் சொன்னார். அதற்குள் ஒரு காலை வளைத்திருந்தேன்.

இரண்டாம் இரவு மழை. கான்வாஸ்மேல் விழுந்த மழைச் சத்தத்தில் பிள்ளைகள் சீக்கிரமே தூங்கிவிட்டார்கள். நான்தான் டார்ச்சோடு தையல் தையலாகத் தடவிக்கொண்டிருந்தேன். ஊசிநூல் அம்மா, உங்கள் தையல்களில் ஒரு பொட்டு ஈரமில்லை. ஒழுகியது வேறிடம்: கணவரின் கட்டிலுக்கு மேலே, கூரை ஓரத்தில், நிமிடத்துக்கு ஒரு சொட்டு. அவர் எழுந்து ஒரு குவளையை அடியில் வைத்தார். சொட்டுச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று குவளைக்குள் காலுறையைப் போட்டார். காலையில் நான் கண் விழித்தபோது வெளியே ஒரு பெட்டிமேல் ஏறி நின்று ஓரப் பட்டையின் திருகுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார்.

இப்போது அவருடைய கேள்வியைத்தான் கேட்கிறேன்: ஓரப் பட்டையை அந்தப் பக்கம் மட்டும் கழற்றி டேப் வைத்தால் போதுமா, முழுச் சுற்றையும் பிரிக்க வேண்டுமா? பெயின்ட் டப்பாவை இன்னும் திறக்கவில்லை.


பழைய அச்சு:

முழுச் சுற்றையும் பிரியுங்கள் அம்மா. திருகுகளைப் பழையபடி மாட்டாமல் ஓர் அளவு தடிமன் கூடியதாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள் அவரை. பழைய துளைகள் அகன்றிருக்கும். இறுக்கிய மறுநாள் டேப் பிதுங்கி வழியும். அதை மரக் கரண்டியின் விளிம்பால் வழித்தெடுங்கள், கத்தி வேண்டாம்.