புட்டத்துல ஆரம்பிச்சு கெண்டைக்கால் வரை இழுக்குது

திருப்பூர்ல பவர் டேபிள் (கரண்ட்ல ஓடற தையல் மிஷின்) ஓட்டறனுங்க, பத்து மணி நேரம் உட்கார்ற வேலை. மூணு வாரமா வலது கால்ல கரண்ட் அடிச்ச மாதிரி சுள்ளுனு இழுக்குது. தும்முனா உயிரே போகுது. சயாட்டிகாங்கறாங்க, இடுப்புல இருந்து காலுக்குப் போற நரம்பு அழுந்தி வர்ற வலியாம். வீட்லயே என்ன பண்றதுங்ணா?

பதில்: தம்பி, நான் லாரி டிரைவர். முதல்ல பின் பாக்கெட் பர்ஸை எடு, அது நரம்பு மேலயே அழுத்தும். படுத்தே கிடக்காத, நாலு நாள் கிடந்து எனக்கு இன்னும் இறுகிப்போச்சு. காலைல, சாயங்காலம் பத்து நிமிஷம் மெதுவா நட. ராத்திரி ஒருக்களிச்சுப் படுத்து முழங்காலுக்கு நடுவுல தலையணை வை.

பதில்: வெந்நீர்ப் பையில 15 நிமிஷம் ஒத்தடம் கொடுங்க. ஒண்ணுக்கு வராம அடைச்சாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியலைனாலோ ஒத்தடம் வேண்டாம், அப்பவே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

கேட்டவர்: அதெல்லாம் இல்லீங்க. பர்ஸை மாத்தியாச்சு. மணிக்கொரு தடவை எந்திரிச்சா சூப்பர்வைசர்தான் முறைக்கறாரு.