சூளையை மறுபடி மூட்டச் சொன்னேன். இது ஆவணப்படம்தானா?

கேள்வி: வைகைக்கரை

கல்லூரியின் காட்சித் தொடர்பியல் படிப்புக்காக, எங்கள் தெருவில் மண்பாண்டம் செய்யும் பெரியவர் ஒருவரைப் பற்றி இருபது நிமிடப் படம் எடுக்கிறேன். சூளை மூட்டும் நாளில் விடியற்காலையிலேயே போய் உட்கார்ந்தேன். பானைகளை அடுக்கி, வைக்கோலைப் பரப்பி, மேலே சேறு பூசி, கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார். தீ வைக்கக் குனிந்தபோது என் கேமராவின் பேட்டரி தீர்ந்துவிட்டது. வாடகைக்கு வாங்கிய கேமரா. இரண்டு பேட்டரி தருவதாகச் சொன்ன கடைக்காரர் ஒன்றுதான் தந்திருந்தார்.

மறுவாரம் அவரிடம் கெஞ்சி, வெறும் சூளையில் வைக்கோல் போட்டு மறுபடி மூட்டச் சொல்லிப் படமெடுத்தேன். கற்பூரத்தை நீட்டினேன். “உள்ளே பானையே இல்லை, வெறும் சூளைக்கு எதற்குக் கும்பிடு?” என்று சிரித்துவிட்டுத் தீ வைத்தார். அந்தச் சிரிப்பை வெட்டிவிட்டேன்.

காட்சி அழகாக வந்திருக்கிறது. ஆனால் பேராசிரியர், “இது நாடகம், ஆவணப்படம் இல்லை” என்கிறார். விளக்க வகை, கவித்துவ வகை, கவனிப்பு வகை, பங்கேற்பு வகை முதலான ஆறு வகைகளை எழுதிப்போட்டு, “உன் படம் இதில் எது?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் 1: ஒலிப்பெட்டி

தம்பி, நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒலிப்பதிவு செய்து ஓய்வு பெற்றவன். படம் எடுப்பவர்களுக்குப் பின்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தவன் என்பதால், இந்த வகைகளை எல்லாம் நான் தோள் வலியை வைத்துத்தான் பிரிப்பேன்.

முதலில் உங்கள் பேட்டரிக்கு வருவோம். அமெரிக்கப் படைப்பாளி ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி கனடாவின் வடக்கே எடுத்துவந்த முதல் படச்சுருள், சுமார் 30,000 அடி நெகடிவ், 1916இல் டொராண்டோவில் ஒரு சிகரெட் நெருப்பில் எரிந்துபோனது. மறுபடி போய், இனுயிட் வேட்டைக்காரர் ஒருவரின் குடும்பத்தைப் பற்றி எடுத்ததுதான் 1922இல் வந்த ‘நானூக் ஆஃப் தி நார்த்’. செலவை ஏற்றது ஒரு மென்மயிர்த் தோல் வணிக நிறுவனம். பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதாமல் பாதி வீட்டை வெட்டித் திறந்துவிட்டு, அந்தக் குளிரில் குடும்பத்தைப் படுத்து எழச் செய்தார். துப்பாக்கி வைத்திருந்தவர்களை ஈட்டியால் வேட்டையாட வைத்தார். நானூக் என்பதே அந்த மனிதரின் பெயர் இல்லை. அவர் பெயர் அல்லாகரியல்லாக். ஆவணப்படத்தின் முன்னோடி என்று எல்லோரும் கொண்டாடும் படமே இப்படித்தான் பிறந்தது. உங்கள் பேராசிரியருக்கும் இது தெரியாமல் இருக்காது.

‘நைட் மெயில்’ (1936) பாருங்கள். ஜான் கிரியர்சன் நடத்திய பிரிட்டிஷ் தபால் துறைப் படப்பிரிவின் படம். ஓடும் ரயிலில் கடிதம் பிரிக்கும் காட்சியை ஸ்டுடியோவில் போட்ட அரங்கில் எடுத்தார்கள். தபால்காரர்கள் நிஜமானவர்கள். ரயில் ஆடுவதுபோல உடம்பை ஆட்டச் சொன்னார்கள், ஆடினார்கள். ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் இல்லை. அந்தக் காலத்து கேமராவும் ஒலிக்கருவியும் ஓடும் பெட்டிக்குள் கொண்டுபோய்ச் சுற்றக்கூடியவை அல்ல. சம்பவ இடத்தில் ஒலி எடுப்பது அவ்வளவு சிரமமாக இருந்ததால்தான் பின்னணிக் குரல் வந்து உட்கார்ந்தது. விளக்க வகை என்று இப்போது பாடம் நடத்துகிறார்களே, அதன் பாதிக் காரணம் பெட்டியின் எடை. (திரையரங்கில் படத்துக்கு முன் ஓடிய இந்தியச் செய்திப்படத்தின் குரல் எங்கள் வயதுக்காரர்களுக்கு மறக்காது. வெள்ளம் வந்தாலும் அணை திறந்தாலும் அதே குரல்.)

1960 வாக்கில் தோளில் வைக்கும் 16 மி.மீ. கேமராவும் நாக்ரா ஒலிப்பதிவுக் கருவியும் சேர்ந்தன. நாக்ரா ஆறேழு கிலோ. இன்று கேட்டால் கனம், அன்று அது இறகு. அமெரிக்காவில் ராபர்ட் ட்ரூவின் குழு, விஸ்கான்சின் மாநிலத்தில் ஜனாதிபதி வேட்பாளராக கென்னடியும் ஹம்ஃப்ரியும் மோதிய உட்கட்சித் தேர்தலைப் பின்தொடர்ந்து ‘பிரைமரி’ எடுத்தது. மேடையில் நிற்கும் கென்னடியின் மனைவி ஜாக்குலினின் கைகளை மட்டும் கேமரா பின்னாலிருந்து பார்க்கும். வெள்ளைக் கையுறைக்குள் விரல்கள் நிலைகொள்ளாமல் பிசைந்துகொண்டிருக்கும். யாரும் “கையைப் பிசையுங்கள்” என்று சொல்லி எடுக்க முடியாது அதை. கவனிப்பு வகையின் பலம் அது. அதன் விலை என்னவென்றால், நீங்கள் தவறவிட்டது தவறவிட்டதுதான்.

1960 கோடையில் பாரிஸில் ழான் ரூஷும் எட்கர் மொராங்கும் வேறு வழியில், பங்கேற்பு வகையில், போனார்கள். ‘க்ரானிக்கிள் ஆஃப் எ சம்மர்’. தெருவில் போகிறவர்களை நிறுத்தி, மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று கேட்டார்கள். எனக்கு அதில் ஓர் இடம்தான் முக்கியம். மார்சலின் என்ற இளம்பெண் நாக்ராவைத் தானே தோளில் தொங்கவிட்டுக்கொண்டு தனியாக நடக்கிறாள். நாஜி முகாமுக்குத் தன்னோடு கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத தந்தையிடம் முணுமுணுப்பாகப் பேசுகிறாள். கேமரா அவளைவிட்டு விலகிப் போய்க்கொண்டே இருக்கிறது, உருவம் சிறுத்துவிடுகிறது, குரல் மட்டும் நம் காதருகிலேயே இருக்கிறது. பக்கத்தில் ஒலிப்பதிவாளர் யாரும் இல்லை. என் தொழிலில் நான் பொறாமைப்படும் காட்சி அது. கேமரா இருந்ததால்தான் அவள் அப்படிப் பேசினாள் என்பதைப் படம் மறைக்கவில்லை. எடுத்ததை அவர்களுக்கே போட்டுக் காட்டி, அவர்கள் குறை சொல்வதையும் சேர்த்துவிட்டார்கள்.

உங்கள் பிழைக்கு வருகிறேன். மறுபடி மூட்டச் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. பெரியவரின் சிரிப்பை வெட்டினீர்களே, அதற்குத்தான் வருத்தம். “வெறும் சூளைக்கு எதற்குக் கும்பிடு” என்பதைவிட நல்ல வரி உங்கள் இருபது நிமிடத்தில் வேறு இருக்கிறதா? அவர் உண்மையைச் சொல்லிவிட்டார், நீங்கள்தான் அதை மறைத்தீர்கள்.

பதில் 2: பழைய ரீல்

ஒலிப்பெட்டி ஐயா ஒரு வழியை விட்டுவிட்டார். தானே எடுக்காமல், பிறர் எடுத்ததைத் தேடிச் சேர்ப்பது. ரஷ்யாவில் எஸ்ஃபிர் ஷுப் 1927இல் ஜார் காலத்துப் பழைய சுருள்களை வெட்டி ஒட்டியே ரோமானோவ் வம்சத்தின் வீழ்ச்சியைப் படமாக்கினார். நம் ஏ.கே. செட்டியார் காந்தி படத்துக்காக நாடு நாடாகச் சுற்றிச் சுருள் சேர்த்தார். 1940இல் தமிழ் விளக்கத்தோடு வெளியானது. எனவே ஒரு சாதாரணக் கேள்வி: அன்று சூளையருகே வேறு யாரும் செல்பேசியில் எடுக்கவில்லையா?

வைகைக்கரை

கேட்டேன். பெரியவரின் பேத்தி எடுத்திருக்கிறாள்! பதினொரு விநாடி, நெட்டுக்குத்தாக. ஓரத்தில் அவள் விரல் மறைக்கிறது, தீ சரியாகத் தெரியவில்லை, புகைதான். பயன்படுமா?

ஒலிப்பெட்டி

ஒலி இருக்கிறதா? வைக்கோல் பற்றும் சத்தம் கேட்கிறதா?

வைகைக்கரை

கேட்கிறது ஐயா. அதன்மேல் பெரியவர் குரலும் இருக்கிறது. என்னிடம்தான் கேட்கிறார்: “என்ன தம்பி, பெட்டி அணைந்துவிட்டதா?”

ஒலிப்பெட்டி

அதை அப்படியே வையுங்கள். விரலோடு. அடுத்து வெறும் சூளையும் அவர் சிரிப்பும் வரட்டும். பேராசிரியர் வகை கேட்டால் படத்தைப் போட்டுக் காட்டுங்கள். அடுத்த முறை பேட்டரியை நீங்களே எண்ணி வாங்குங்கள்.